ஏழாம் நம்பரின் மஞ்சள் பொட்டு

எட்டு நாளுக்கு முன்னால் மூன்று இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கிறவர்கள். அப்பா அம்மா தூக்கிப் போட்டதை இவர்கள் மோட்டார் சைக்கிளில் ஊரெல்லாம் அலைந்து தேடி எடுத்து வந்து, பச்சைப் பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், கையில் ஒரு மதர்போர்டோடு வந்திருந்தார்கள்.

அந்தப் போர்டில் கீபோர்டு செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. அதைப் பற்றி மூன்று பேருக்கும் மூன்று கருத்து. ஒருவன் தொழிற்சாலையில் பரிசோதித்து வைத்த முத்திரை என்றான். இன்னொருவன் காய்ந்த பசை என்றான். மூன்றாவது பிள்ளை கண்ணாடி போட்டவன், சூடு ஏறினால் நிறம் மாறுகிற விசேஷப் பூச்சு என்று ஒரு பக்கத்துக்கு எழுதியே கொண்டு வந்திருந்தான். பெட்டியின் உள்ளே நான் வேலை பார்த்த பட்டறையின் ஸ்டிக்கர் இருந்ததாம், அதனால் தீர்ப்புச் சொல்ல என்னிடம் வந்தார்களாம். என் வாயில் அப்போது டீ இருந்தது. சிரிப்பை அதோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "தொழிற்சாலை முத்திரையாகத்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மை நீளமான கதை. மேலும் அந்தக் கதையில் நான் அவ்வளவு நன்றாக வெளிப்படுகிறவன் இல்லை. சாயங்காலமே அவர்கள் போட்டோவைப் போட்டு, சைகோனின் மூத்த டெக்னீஷியனே உறுதி செய்துவிட்டார் என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார்கள். ஆகவே இப்போது திருத்திக்கொள்கிறேன். அது மஞ்சள். மீன் குழம்பில் போடுகிற அதே மஞ்சள்.

நான் அந்தோணி, காரைக்கால் குடும்பம். அப்பா சைகோனில் கான் ஹொய் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. எழுபத்தைந்தில் சண்டை முடிந்து ஆட்சி மாறி எங்கள் ஆட்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ரேடியோ பழுது பார்க்கக் கற்றேன், பிறகு டெலக்ஸ், பிறகு கம்ப்யூட்டர். கற்றுக்கொண்டது என்று சொல்வது கௌரவத்துக்கு. திறந்து பார்ப்பேன், கருகிய வாசனை எங்கே வருகிறது என்று மோந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் என் மேனேஜராக வாய்த்தவர் வயிரவன் அண்ணன். செட்டிநாட்டுக்காரர், ஆனால் பிறந்தது வளர்ந்தது சைகோன். வியட்நாம் மொழியைச் சந்தைக்காரிகளே அசந்து போகிற மாதிரி பேசுவார். த்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயிலுக்கு நாலு கட்டடம் தள்ளி, ஒரு மாடியில் எங்கள் பட்டறை. பன்னிரண்டு கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விட்டிருந்தோம், எல்லாம் கான் ஹொய்யில் ஒரு கப்பல் ஏஜென்டின் ஆபீசிலும் கிடங்குகளிலும். அவற்றைப் பராமரிக்க நானும் ஹான் என்கிற பெண்ணும். ஹான் என்னைவிடப் பத்து வயது இளையவள், தொழிற்பள்ளியில் முறையாகப் படித்தவள். என்னை மாதிரி மோந்து பார்க்க மாட்டாள், மீட்டர் வைத்துப் பார்ப்பாள். நான் சொல்லப்போகிற ஆயுத பூஜையின்போது அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், ஒரு வருஷம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அவள் புருஷன் கிடங்கில் விழுந்து முதுகு போய்ப் படுத்திருந்தான். வீடு அவள் ஒருத்தி சம்பளத்தில் ஓடியது.

வயிரவண்ணனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் மரியாதை ரொம்ப. எந்த மிஷினையும் "அது" என்று சொல்ல மாட்டார். காலையில் வந்ததும், "மூணாம் நம்பர் நேத்து காச்சலாக் கெடந்தாகளே, இன்னைக்கு எப்படி இருக்காக?" என்று கேட்பார். நானும் சளைக்காமல், "கஞ்சி குடிச்சாக அண்ணே" என்பேன். பட்டறைக்குள் செருப்பு கூடாது என்பது அவர் சட்டம். சாமி அறைக்குள் போகிற மாதிரி எல்லோரும் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். நான் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வேன். பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது, செருப்பு போட்ட கையால் தொட்டு மற்ற கடைகளில் சில்லுகள் செத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பட்டறையில் உடம்பு மின்சாரத்தால் ஒரு சில்லுகூடச் சாகவில்லை. "செருப்பு போட்ட கை" என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும், உங்களுக்குப் புரியும்.

அந்தக் காலத்து மதர்போர்டில் கீபோர்டு செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் குட்டைப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி பற்றவைத்திருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதும், என்ன டிஸ்க் மாட்டியிருக்கிறது என்ற விவரத்தை மறக்காமல் வைத்திருப்பதும் அதன் வேலை. மிஷினைத் தினமும் ஓட்டினால் அது தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். மாதக்கணக்கில் அணைத்துப் போட்டால் வற்றிப்போய், அடியில் ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகுவது காரம், அமிலத்துக்கு எதிர் இனம். போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து செம்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் தின்னும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளையாகப் பொரிந்து, அப்புறம் பச்சை பூக்கும்போதுதான் தெரியும், அதற்குள் பாதி தின்று முடித்திருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வயிரவண்ணன் ஒரு புது ஏற்பாடு சொன்னார். வழக்கமாகப் பெட்டிக்கு வெளியே சந்தனம், குங்குமம் வைப்பார். இந்த முறை உள்ளேயும் வைக்க வேண்டுமாம். வெளியே வைப்பது சட்டைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி இருக்கிறதாம். விபூதியும் குங்குமமும் பொடி, காற்றாடி இழுத்து எல்லா இடத்திலும் அப்பிவிடும் என்று மன்றாடினேன். கடைசியில் சமரசமானோம். பொடி கிடையாது, குழைத்த மஞ்சளால் ஒரே ஒரு பொட்டு, சின்னதாக.

"சரி, எங்க வைக்கிறது? இதுல உயிரு எங்க இருக்கு அந்தோணி?" என்று கேட்டார்.

நான் வேதக்காரன். பூஜை விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். குறும்பு விடுமா? "கரண்டு போனாலும் சாகாம துடிச்சுக்கிட்டு இருக்கறது இதுதான் அண்ணே" என்று பேட்டரியைக் காட்டினேன். அவர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்று, பேட்டரியின் காலடியில் மஞ்சள் பொட்டு வைத்தார். பூஜைக்காகப் பட்டறைக்குக் கொண்டு வந்திருந்த பன்னிரண்டு மிஷினுக்கும் அப்படியே. ஹான் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கான் ஹொய்யில் ஒரு கிடங்கைக் கூரை மாற்றுவதற்காக நாலு மாதம் மூடினார்கள். அங்கே இருந்த ஏழாம் நம்பர் இருட்டில் சும்மா கிடந்தது. கிடங்கு திறந்ததும் நானும் வயிரவண்ணனும் போய்ப் பெட்டியைக் கழற்றினோம். மஞ்சள் பொட்டு குங்குமச் சிவப்பாக மாறியிருந்தது.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. குங்குமம் வேண்டாம் என்று நான் தடுத்ததை ஆத்தா தானே நிறைவேற்றிக்கொண்டாளாம். ஏழாம் நம்பரின் உள்ளே இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் பாலம் தாண்டிக் கான் ஹொய்க்குப் போவார், பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவார். கிடங்குக் குமாஸ்தாக்களோ, வாரா வாரம் மேனேஜரே நேரில் வந்து பரிசோதிக்கிற கம்பெனி வேறு எங்கே கிடைக்கும் என்று புல்லரித்துப் போயிருந்தார்கள்.

நான் ஹானிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பான் ஸியோ, அதாவது மஞ்சள் கலந்த அரிசிமாவு அடை சுடும்போது தன் வெள்ளைச் சட்டையில் மாவு தெறிக்கும் என்றும், சோப்புப் போட்டதும் அந்தக் கறை ரத்தச் சிவப்பாகும் என்றும் சொன்னாள். சோப்பு காரம், பேட்டரிக்குள் இருப்பதும் காரம், ஏழாம் நம்பர் ஒழுகுகிறது, உடனே பேட்டரியை வெட்டி எடுக்க வேண்டும் என்றாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலேயே மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி சிவப்பாவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

ஆனால் அதை யார் போய் அண்ணனிடம் சொல்வது? அவர் சாமி, அவர் அற்புதம். நான் சர்ச்சுக்குப் போகிறவன், நான் போய் அது பேட்டரிக் கழிவு என்றால் எப்படி இருக்கும்? அதைவிடப் பெரிய காரணம், உயிர் இங்கேதான் என்று கை காட்டியது நான். ஹானிடம், "அது அவர் நம்பிக்கை, விட்டுவிடு, நேரம் பார்த்து நானே சொல்கிறேன்" என்றேன். ஐந்து வாரம் நேரம் பார்த்தேன். அத்தனை வெள்ளிக்கிழமையும் பெட்டியைக் கழற்றிக் கொடுத்ததும் நானேதான். வெட்கமாக இருக்கிறது.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, அண்ணன் பார்த்துவிட்டுப் போன பிறகு ஹான் தனியாகக் கிடங்குக்குப் போனபோது பொறுக்க முடியாமல் ஈரப்பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டாள். வெட்டத் தைரியம் வரவில்லை, துடைக்கவாவது செய்தாள். மறுநாளே ஏழாம் நம்பர் போய்விட்டது. ஸ்விட்சைப் போட்டால் காற்றாடி மட்டும் சுற்றும், திரை கறுப்பு.

பட்டறைக்குத் தூக்கி வந்த பெட்டியை வயிரவண்ணன் திறந்து பொட்டு இல்லாததைப் பார்த்தார். துடைத்தது யார் என்று கேட்டார். ஹான் தான்தான் என்றாள். என்னிடம் முன்கூட்டியே சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அவளைத் திட்டவும் இல்லை, தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் புள்ளைய மாசக் கடைசியோட வரவேண்டாம்னு சொல்லிப்புடு அந்தோணி. ஆத்தா வச்ச பொட்டை அழிச்சிருச்சு. எனக்கு மனசு ஒப்பலை."

அன்று சனிக்கிழமை. மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. நான் "சரிங்கண்ணே" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை பூசையில் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து பட்டறைக்குப் போனேன். ஏழாம் நம்பரின் போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தேன். முதலில் கட்டரால் பேட்டரியின் கால்களை வெட்டி எடுத்தேன். பேட்டரி இருக்கும்போது எந்தச் சுத்தமும் வீண், ஒழுகுகிற குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை. பழைய பல் தேய்க்கிற பிரஷை வினிகரில் நனைத்துத் தேய்த்தேன், நுரைத்தது. நுரை நிற்கும் வரை தேய்த்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, டேபிள் ஃபேனுக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தேன். காய்ந்ததும் கறுத்துப்போன பூச்சைக் கத்தி முனையால் சுரண்டினேன். அடியில் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தூள்தான் இருந்தது. ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஏழு தடம் ஊமை. தலைமுடி போன்ற கம்பியை அளந்து வெட்டி, ஏழுக்கும் ஒவ்வொரு பாலம் போட்டேன். ஐந்தாவது பாலத்தை இரண்டு முறை தப்பாகப் போட்டேன், ஹானாக இருந்தால் ஒரே தடவையில் முடித்திருப்பாள். புதுப் பேட்டரியைப் போர்டில் வைக்கவில்லை. ஒரு முழ ஒயரில் கட்டி, ரிமோட்டுக்குப் போடுகிற செல்கள் மூன்றை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, பெட்டியின் ஓரத்தில் தொங்கவிட்டேன். அந்தச் செல்களுக்குள் சார்ஜ் திரும்பிப் போகாமல் வழியில் ஒரு டயோடு. இனி ஒழுகினால் தகரத்தில்தான் ஒழுக வேண்டும். சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டபோது திரையில் எழுத்து வந்தது.

மிஷின் பிழைத்தது போதாது. அண்ணன் அதைப் பார்த்து, ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று அதையும் அங்கே சேர்த்துவிடுவார், ஹான் வீட்டுக்குப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை அவர் வந்ததும், அலமாரியில் ஒரு வருஷமாகத் தூங்கிய ஐந்து உபரிப் போர்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். இவை பூஜையே பார்க்காதவை. ஹான் எதிரே நின்றாள், அவளுக்குத் தமிழ் தெரியாது. பென் தான் என்கிற பெரிய சந்தையில் வாங்கிய மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, ஐந்து பேட்டரியின் காலடியிலும் பொட்டு வைத்தேன். மூன்று மஞ்சளாகவே இருந்தன. இரண்டு எங்கள் கண் எதிரிலேயே சிவந்தன. பிறகு என் கைக்குட்டையில் மஞ்சளைத் தடவி, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். அதுவும் சிவந்தது. சிவந்த இரண்டு பேட்டரியையும் வெட்டி எடுத்து அடியைத் திருப்பிக் காட்டினேன், வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்திருந்தது.

வயிரவண்ணன் கைக்குட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றியில் விபூதி வேர்வையில் நனைந்திருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"ஆறு வாரமா தெரியும் அண்ணே. நானாக் கண்டுபிடிக்கலை, அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. வெட்டணும்னு சொல்லுச்சு. நான்தான் பேசாம இருன்னேன். உயிரு இங்க இருக்குன்னு நான் காட்டினதும் வெளையாட்டுக்குத்தான்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஆத்தா மஞ்சளைச் செவப்பாக்கி, இந்தா பாருங்கடா ஒழுகுதுன்னு காட்டியிருக்கா. நான் கும்புட்டேன். நான் படிக்காதவன், எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். இந்தப் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. நீ வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

அம்மன் கட்சியும் தோற்கவில்லை, ஹான் கட்சியும் தோற்கவில்லை. மொத்தத்தில் தோற்றவன் இந்தக் காரைக்கால்காரன் ஒருவன்தான்.

அவர் எழுந்து சாமி படத்தடியில் இருந்த பித்தளைக் கிண்ணத்தை எடுத்தார், வருஷா வருஷம் அவரே குழைக்கிற மஞ்சள் கிண்ணம். அதை ஹான் கையில் கொடுத்து, வியட்நாம் மொழியில் சொன்னார்: இனி மாதா மாதம் எல்லா மிஷினுக்கும் நீதான் பொட்டு வைக்கிறாய், சிவந்தால் என்னையும் கேட்காதே, இவனையும் கேட்காதே, வெட்டு. ஹான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அழுதாள். நானும் அழுதேன், ஆனால் ஸ்பிரிட் வாடை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு பேசிய ஒரே வாக்கியம், "அந்த ஈயத்தை எடுங்கள்" என்பது.

பிறகு எங்கள் மிஷின்களில் பேட்டரி தின்று செத்தது ஒன்றுகூட இல்லை. மற்ற பட்டறைக்காரர்கள் ரகசியம் கேட்டால் வயிரவண்ணன், "எங்க புள்ள கைராசி" என்பார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்குப் பிறகு பட்டறையைப் பல காலம் நடத்தியவள் ஹான்தான்.

ஆகவே பிள்ளைகளே, முத்திரை என்று பூரிக்க வேண்டாம். பழைய போர்டு கையில் கிடைத்தால் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் பேட்டரியை வெட்டுங்கள். இன்னும் ஒழுகவில்லையே என்று காத்திருக்காதீர்கள், நாளைக்கு ஒழுகும். வெட்டினதும் வினிகர், தண்ணீர், ஸ்பிரிட். புதுசு வைக்க வேண்டுமானால் ஒயரில் கட்டித் தள்ளி வையுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. நீங்கள் கொண்டு வந்த போர்டைத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கம் ஏழு பாலம் இருந்தது. ஐந்தாவது கோணல். அது ஏழாம் நம்பர். நான் வெட்டிய பிறகு அந்தப் போர்டின் மேல் பேட்டரியே கிடையாது, பின்னே எதற்கு அந்த இடத்தில் மஞ்சள் பொட்டு? அந்தக் காலத்தில் பார்த்தபோதெல்லாம் வழக்கத்துக்கு வைக்கிறாள் என்று விட்டுவிட்டேன். நேற்று ஹானுக்குப் போன் செய்து, நீங்கள் எழுதியதையும் நான் உங்களுக்குச் சொன்ன பதிலையும் சொல்லிச் சிரித்துவிட்டு, அதைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அது பேட்டரிக்காக வைத்தது இல்லை அண்ணா, உங்களுக்காக வைத்தது" என்றாள். "அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் புதுப்பித்தேன். பார்த்த பிறகும் மறுபடி வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்."

போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். போன தடவை ஆறு வாரம் ஆயிற்று. இந்தத் தடவை எட்டு நாளில் சொல்லிவிட்டேன், ஹான்.